பனிச்சுரங்கத் தலைவனுக்கு நான் எழுதிய வசனம்

விண்வெளியில் யாரும் கடலூர் மாவட்டத்துத் தமிழ் பேசக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் பேசினால் அவன் கோமாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் தொழிலில் எல்லோரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையோடு மூன்று சீசன் மல்லுக்கட்டித் தோற்றவள் நான்.

என் தொழில் டப்பிங் வசனம் எழுதுவது. ஆங்கிலத்தில் எடுத்த தொடர்களைச் சென்னையில் உள்ள ஒரு கம்பெனி தமிழில் பேச வைக்கிறது. அவர்கள் வீடியோவை அனுப்புவார்கள். நான் மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதி அனுப்புவேன். திரையில் இருப்பவன் எங்கே உதட்டை மூடுகிறானோ அங்கே தமிழிலும் உதடு மூட வேண்டும். அவன் நீட்டினால் நானும் நீட்ட வேண்டும். என் கணவர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு வேலையில் இருக்கிறார், கான்ட்ராக்டில். ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்கும் மனிதரை எழுப்பக் கூடாது என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்து அசைத்துப் பார்ப்பேன். எதிர் மாடியில் துணி காயப்போட வரும் அக்கா முதல் மாதம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு பழகிவிட்டார்.

நான் வளர்ந்தது சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அப்பா நாகர்கோவில் பக்கம், அம்மா சேலம், பக்கத்து வீடு மதுரை, எதிர் வீடு தஞ்சாவூர். எல்லாரும் எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று அவரவர் ஊர்ப் பேச்சைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் எந்த ஊருடையதும் இல்லாத ஒரு தமிழைப் பேசினோம். நான் காதலிப்பதாகச் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "வேலை பெர்மனென்ட்டா?" என்பதுதான். இல்லை என்றேன். இரண்டாவது கேள்வியை அவள் கேட்கவே இல்லை. என் கணவர் ஊரில் ஒரு பகுதி சுரங்கத்துக்காக எடுக்கப்பட்டது. அதில் அவர்கள் வீடும் போனது. அவர் பேச்சு மட்டும் ஊர் மாறாமல் அப்படியே வந்தது. வூடு என்பார், வந்துகினு இருக்கேன் என்பார். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நான் மயங்கினேன் என்று சொன்னால் இன்றைக்கும் நம்ப மாட்டார்.

தொடர் இதுதான். சூரியனுக்கு வெகுதூரத்தில் ஒரு சின்னக் கோள். முழுக்கப் பனி. கப்பல்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் அந்தப் பனியை வெட்டி எடுக்கிறார்கள். வெட்டுகிறவர்கள் கோளின் மேலேயே கூரை போட்டுக் குடியிருக்கிறார்கள். அவர்களை ஆளும் சபை, கோளைச் சுற்றி வரும் நிலையம் ஒன்றில் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. பனி வெட்டும் இடத்தில் டிரில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஒருவன் இருக்கிறான். முதல் சீசனில் எப்போதும் பசியோடு இருப்பவன், எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பவன். மூன்றாவது சீசனில் அந்த மக்களின் தலைவனாகிறான். இந்தத் தொடரில் எனக்குப் பிடித்ததே அவன் ஒருவன்தான்.

முதல் சீசன் வேலை வந்தபோது டப்பிங்கைப் பார்த்துக்கொள்ளும் இன்சார்ஜ் போனில் சொன்னார்: "மேடம், நீங்க அந்தப் பக்கம்தானே? அந்த ரிப்பேர்காரனுக்கு உங்க ஊர் பாஷையக் குடுங்க. ஜாலியா இருக்கும்."

ஜாலியா என்ற சொல்லை நான் காதில் வாங்கவில்லை. என் வீட்டில் கேட்கும் தமிழை ஒரு விண்வெளிக்காரன் பேசப் போகிறான் என்ற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவன் முதன்முதலாகச் சபைக்கு முன்னால் போய்ப் பேசும் காட்சியை எழுத, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம் போய் நின்றேன். "ஏங்க, உங்க வீட்டுக்குச் சூடு வர்ற குழாய மேல இருக்கறவங்க அடைச்சிட்டாங்க. குளிருது. நீங்க நேரா போய் என்ன கேப்பீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார். "என்னா கேப்பேன்? எங்க வூட்டு அனல எடுத்துகினு போயிட்டு, ஏன்டா நடுங்குறன்னு எங்களையே கேக்கறீங்களேன்னு கேப்பேன்."

எழுந்து ஓடி எழுதினேன். திரையில் இருப்பவன் வாயில் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அவன் வசனம் எல்லாமே எங்கள் சாப்பாட்டு நேரத்தில்தான் உருவானது. கணவருக்குக் கதை முழுக்கத் தெரியாது; கேட்கவும் மாட்டார். நிலைமையைச் சொன்னால் போதும், அந்த இடத்தில் தான் நின்றால் என்ன சொல்வார் என்று சொல்லிவிடுவார். நான் உதட்டுக்குப் பொருந்தச் சொல்லை முன்பின் மாற்றுவேன், அவ்வளவுதான்.

எபிசோடு வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காமெடி வேடங்களுக்கே பேசிப் பழகிய ஒரு குரல் கலைஞரைப் போட்டிருந்தார்கள். அவர் 'வூடு' என்பதை ஒரு முழம் நீட்டினார். 'நடுங்குற' என்னும் இடத்தில் விக்கல் போல ஒன்று சேர்த்தார். நான் எழுதி அனுப்பியது கோபம். வந்து சேர்ந்தது கிச்சுகிச்சு. போதாததற்கு விளம்பரத் துண்டில் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி, இரண்டு தடவை ஓட்டி, பின்னால் ஒரு ஊதல் சத்தம் வேறு. ஒரே வாரத்தில் எல்லாருடைய போன் ஸ்டேட்டஸிலும் அதுதான்.

இன்சார்ஜுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "மேடம், நீங்க ஹிட் குடுத்திருக்கீங்க. அதுக்குப் போய்ச் சண்டை போடறீங்களே" என்றார். அந்த மனிதரிடம் ஒரு கெட்ட குணமும் கிடையாது. அதுதான் என் பிரச்சினையே. கெட்டவர் என்றால் திட்டிவிட்டு வேலையை விட்டிருப்பேன்.

கணவர் கோபப்பட்டிருந்தாலாவது எனக்கு ஒரு துணை கிடைத்திருக்கும். அவரோ தன் ஷிஃப்ட் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்து வீட்டில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார். "பாத்துகினே இருடா, இப்ப வரும் பாரு. இது நான் சொன்னதுடா!" அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். டீ போட்டுக் கொடுத்துவிட்டு நான் மட்டும் சமையலறையில் வெந்துகொண்டிருந்தேன்.

எங்கள் மகள் டவுன்ஷிப்புக்குள் ஒரு பள்ளியில் படிக்கிறாள். அந்த வருடம் அவளுடைய ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட என் கணவர் வகுப்பறைக்குப் போனார். நானும் உடன் இருந்தேன். ஆசிரியை அவள் கணக்கில் பின்தங்குகிறாள் என்றார். இவர் பணிவாக, "வூட்ல ஒக்காந்து போட்டுகினுதான் இருக்குதுங்க, நான் பாத்துக்கறேங்க" என்றார். பின்வரிசையில் யாரோ ஒரு பிள்ளை அந்த விக்கல் சத்தத்தோடு 'வூஊஊடு' என்றது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. ஆசிரியை அதட்டினார். இவர் திரும்பிப் பார்த்து, பிள்ளைகளோடு சேர்ந்து தானும் சிரித்தார். மகள் தலையைத் தூக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "அப்பா, இனிமே ஸ்கூலுக்கு வந்தா நீ பேசாம இருப்பா. அம்மா பேசட்டும்."

"சரி பாப்பா" என்றார் அவர். சரி என்று அவ்வளவு சுலபமாக அவர் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. மகளைத் திட்டினேன். அவள் அழுதாள். "அந்தக் காமெடியன் மாதிரிதானே பேசறார்னு எல்லாரும் சொல்றாங்க, நான் என்ன பண்றது" என்றாள். அவன் உன் அப்பாவைப் போல் பேசுகிறான், உன் அப்பா அவனைப் போல் பேசவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். குழந்தைக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை. பெரியவர்களுக்கே புரியவில்லை.

நான் மூன்றாவது சீசனுக்காகக் காத்திருந்தேன். அதில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஏனென்றால் அவன் கதையை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். இரண்டாவது சீசனில் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதைக் குறைக்கிறான். மற்றவர்கள் பேசும்போது கேட்கத் தொடங்குகிறான். அடைத்த குழாய்க்காகப் பேரம் பேசப் போனவனுக்குச் சபையில் ஓர் இருக்கை கொடுக்கிறார்கள். அந்த இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் குழாயை ஏன் அடைக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிகிறது. தெரிந்ததைத் தன் ஆட்களிடம் சொல்லாமல் முதன்முறையாக ஒரு பொய் சொல்கிறான். அரசியல் நாடகம் என்றால் எனக்கு அதுதான். ஒரு துப்பாக்கிகூட வெடிக்காத அந்தக் காட்சியை எழுதிவிட்டு அன்று மாலை முழுக்க அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

மற்ற பாத்திரங்களைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். இரண்டு சீசனாகக் கல்லு மாதிரி இருந்த சபைத் தலைவி, பனியில் விளையாடும் ஒரு குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் மனம் உருகித் திருந்திவிடுகிறாள். ஒரே எபிசோடில்! அதிகாரத்தில் இருக்கும் மனிதர்கள் அப்படித் திருந்துவார்கள் என்றால் உலகத்தில் எத்தனை குழந்தைகள் பனியிலும் புழுதியிலும் விளையாடிக்கொண்டிருக்கின்றன! அவளுக்கு வசனம் எழுதும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான். ஆனால் ரிப்பேர்காரனை மட்டும் அவர்கள் அவசரப்பட்டுக் கெடுக்கவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவன் பேச்சை மாற்றவில்லை. அவன் குடியிருப்புக்குக் கீழேயே பனி வெட்டச் சபை முடிவெடுக்கிறது. எல்லோரும் காலி செய்ய வேண்டும். அவன் சபையில் எழுந்து நின்று, முதல் சீசனில் சொன்ன அதே வரியை, அதே குரலில், அதே கொச்சையில் மறுபடி சொல்கிறான். அன்றைக்குச் சிரித்த சபை இன்றைக்குச் சிரிக்கவில்லை. மாறியது அவன் அல்ல, கேட்பவர்கள். மூன்று சீசன் கதையும் அந்த ஓர் இடத்துக்காகத்தான்.

அந்த இடத்தில் நம் மக்களும் சிரிக்க மாட்டார்கள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் கேலி செய்ய மாட்டார்கள் என்று நான் கணக்குப் போட்டேன். என் மகளும்தான்.

அந்த உரையை எழுத வேண்டிய நாளில் கணவரிடம் கேட்டேன். "ஊரையே காலி பண்ணச் சொல்றாங்க. நீங்க எழுந்து பேசணும்."

இந்தத் தடவை அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "நாங்க காலி பண்ணப்போ எங்க அப்பா வாசக்கால பேத்து எடுத்துகினு வந்தாரு. சொவுரு இல்ல, கூர இல்ல, வாசக்கால் மட்டும் வண்டியில வருது. எங்க வெக்கறதுன்னு நான் கேட்டதுக்கு, வெக்கறதுக்கு ஒரு எடத்த நீ தேடுடான்னாரு. அதச் சொல்லுவேன். வாசக்கால எடுத்துகினு வந்துட்டோம், இத எங்க நட்டா அது எங்க வூடுன்னு நீங்களே காட்டுங்கன்னு கேப்பேன்."

பனிக்கோளில் வாசற்கால் ஏது? அவர்கள் குடியிருப்பில் இரும்புக் கதவுதான். கதவு என்று மாற்றி, முதல் சீசன் வரிக்கு அடுத்து வைத்தேன். மற்றதெல்லாம் அப்படியே. ஒவ்வொரு வரியும் உதட்டில் பொருந்தியது. எழுதி முடித்து இரண்டு தடவை வாயசைத்துப் பார்த்தேன். இதைவிட நல்லதாக எதையும் நான் எழுதியதில்லை, கர்வமாகவே சொல்கிறேன்.

மறுநாள் இன்சார்ஜ் கூப்பிட்டார். "மேடம், தப்பான ஃபைல் அனுப்பிட்டீங்க போல."

"சரியான ஃபைல்தான் சார்."

"இது கிளைமாக்ஸ் ஸ்பீச் மேடம். இதுல போய்க் காமெடி பாஷைய எழுதியிருக்கீங்களே."

"அது காமெடி பாஷை இல்ல சார். நீங்கதான் அப்படி ஆக்குனீங்க."

"கோபப்படாதீங்க. அவன் இப்ப தலைவர் ஆயிட்டான். தலைவர்னா எப்படிப் பேசுவார்? நல்ல தமிழ்ல, கணீர்னு பேச வேணாமா? குரலையும் மாத்திட்டோம் மேடம், நல்ல கம்பீரமான வாய்ஸ் போட்டிருக்கோம்."

"ஒரிஜினல்ல அவன் பேச்சு மாறவே இல்ல சார். அதுதானே கதையே!"

"ஒரிஜினல யாரு மேடம் பாக்கறா?"

அதற்கு மேல் நான் சொன்னதெல்லாம் சுவரிடம் சொன்னது. அந்த வரியைத் திரும்பச் சொல்வது முக்கியம் என்றேன். சொல்லலாம், நல்ல தமிழில் சொல்லலாம் என்றார். நல்ல தமிழில் சொன்னால் அது திரும்பச் சொல்வதே ஆகாது என்றேன். உங்களுக்கு நேரம் இல்லையென்றால் வேறு ஒருவரை வைத்து எழுதிக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னார். வேறு ஒருவர் எழுதினால் இருக்கிற கதவும் போய்விடும் என்று நானே எழுதினேன்.

ரொம்ப நேரம் ஆகவில்லை. அந்த மாதிரித் தமிழுக்கு யோசிக்கவே வேண்டாம், தானாக வந்து விழும். "எம் மக்களே! எங்கள் இல்லத்தின் வெப்பத்தைக் களவாடிவிட்டு, எங்கள் நடுக்கத்தை எள்ளி நகையாடும் ஆதிக்கமே!" என்று தொடங்கி, உரிமை, உதிரம், விடியல் எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டி அனுப்பினேன். கதவு ஒரு வரியில் வந்தது. 'எம் வாழ்வின் வாயில்' ஆகிவிட்டிருந்தது.

அந்த எபிசோடை நாங்கள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். புதிய குரல் முழங்கியது. பின்னால் இசை வேறு. மகள் கை தட்டினாள். "செம மாஸ்மா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நாள் பள்ளியில் அவள் சிநேகிதிகள் அந்த உரையை மனப்பாடமாகச் சொன்னார்களாம். இன்சார்ஜ் வாழ்த்தி மெசேஜ் அனுப்பினார். எல்லாரும் சந்தோஷமாக இருந்த வீட்டில் எனக்கு மட்டும் யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அன்று எபிசோடு முடிந்ததும் கணவர் மட்டும் கேட்டார்: "வாசக்காலு வரலியே?"

"வாயில்னு வந்துச்சே, அதுதாங்க" என்றேன்.

"ஓ" என்றார். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார்.

மழைக்காலம் தொடங்கியது. கணவரின் கான்ட்ராக்டர் அந்த வருடம் யாருக்கும் புது பூட்ஸ் கொடுக்கவில்லை. பெல்ட் பக்கத்தில் முழங்கால் வரை சேறு நிற்கும். பழைய பூட்ஸ் அடி பிளந்து போனதால் எல்லாரும் காலில் சேற்றுப்புண்ணோடு வேலை செய்தார்கள். மேலாளரைப் பார்த்துப் பேச ஒருவர் வேண்டும். எப்போதும்போல இவரைத்தான் முன்னால் தள்ளினார்கள். எந்த மேலாளராக இருந்தாலும் முகத்துக்கு நேராகக் கேட்டு, அவரையும் சிரிக்க வைத்து, காரியத்தை முடித்து வருபவர் இவர். அதனால் எனக்குக் கவலையே இல்லை.

அன்று மாலை வந்து என் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தோ பாரு. அவன் சபையில பேசுனான் பாரு, அந்த மாதிரி எனக்கும் ஒன்னு எழுதிக் குடு."

எனக்கு முதலில் புரியவில்லை. "எதுக்குங்க?"

"பூட்ஸு விஷயமா நாளைக்குப் பேசணும்."

"நீங்க பேசறதுக்கு நான் எதுக்கு எழுதணும்? நீங்க என்ன கேப்பீங்க, சொல்லுங்க."

"என்னாத்த கேக்கறது. காலு ரெண்டும் ஊறிப்போய் தோலு உரிஞ்சிகினு வருது. பெல்ட்டு நின்னா ஓடி வந்து பாக்கறீங்க, எங்க காலு நின்னுப்போனா யாரு வந்து பாப்பீங்கன்னு கேப்பேன்."

"அதையே கேளுங்களேன்!" கிட்டத்தட்ட கத்திவிட்டேன். "இத விட நல்லா யாராலங்க கேக்க முடியும்?"

"அதத்தாம்மா சொல்றேன். அத நல்ல தமிழ்ல போட்டுக் குடு. இப்புடியே பேசுனா சிரிச்சிகினு போயிடுவாங்க. போன வாட்டி பேச ஆரமிச்சவுடனே அந்த ஆபீஸ் பையன் 'வூஊஊடு'ன்னான். நான் வூட்டப் பத்தி ஒன்னுமே சொல்லல."

இதை அவர் என்னிடம் இதுவரை சொன்னதில்லை. எவ்வளவோ வாதாடினேன். கெஞ்சினேன். எழுத முடியாது என்று எழுந்துகூடப் போனேன். அவர் கோபப்படவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுதிக் கொடுத்தேன். தொழிலாளர் என்று போட்டேன், பாதங்கள் என்று போட்டேன், கனிவோடு பரிசீலிக்க என்று போட்டேன். மகள் உற்சாகமாகப் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தாள். அவர் தடுமாறும் இடத்தில் எல்லாம் திருத்தினாள். பல மாதங்களுக்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியாமல், நிறுத்தவும் முடியாமல் நான் பாத்திரம் துலக்கினேன்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொன்னார், முகமெல்லாம் சிரிப்பாக: "முழுசும் பேசினேன். ஒரு எடத்துலகூட நிக்கல. ஒருத்தரும் சிரிக்கல."

"மேலாளர் என்ன சொன்னாரு?"

"கடசி வரைக்கும் கேட்டுகினு இருந்தாரு. பிரமாதமா இருக்கே, யாருய்யா எழுதிக் குடுத்ததுன்னு கேட்டாரு. எம் பொண்டாட்டின்னு சொன்னேன். சினிமாவுக்கு எழுதறவங்களான்னு கேட்டாரு. நீ என்னா எழுதற, எங்க படிச்ச, எல்லாம் கேட்டாரு. கை குடுத்து அனுப்பினாரு."

அவர் பெருமையாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூட்ஸு?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். "அதப் பத்தி அவரு ஒன்னும் கேக்கலியே" என்றார்.